எவடத்தில் இருந்தவர் என்று கேளுங்கள்: வட மாகாண மார்பு நோய் வைத்தியர்களுக்கும் சுகாதார நிர்வாகத்தினருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களே,

வணக்கம். நான் வைத்தியன் அல்லன். யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் முப்பத்து மூன்று ஆண்டுகள் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்றவன். பங்கசுகள் என்ற அலகுக்கு வரும்போது, பழைய பாணில் படரும் பூஞ்சணத்தையும், அப்பத்துக்கு விட்ட கள்ளிலிருந்து மாவைப் புளிக்கவைக்கும் மதுவத்தையும், மாரியில் வேலியோரம் முளைக்கும் காளானையும், தோலில் வரும் தேமலையும் சொல்லி, கரும்பலகையில் ஒரு படம் கீறி, இரண்டு பாடவேளைகளில் முடித்துவிடுவது என் வழக்கம். மண்ணிலிருந்து மூச்சோடு உள்ளே போய், சுவாசப்பையில் மாதக்கணக்காகக் குடியிருந்து, காசநோயைப் போலவே ஆளை உருக்கும் பங்கசுகளும் உண்டென்பதை ஓய்வுபெற்ற பின்னர்தான், அதுவும் என் அக்கா வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டுதான், படித்தேன்.

உங்களிடம் நான் கேட்க வந்தது ஒரு கேள்வியைப் பற்றியது. நாட்பட்ட இருமலோடு வருபவரிடம் அவர் எங்கெங்கே வாழ்ந்தார், அங்கே என்ன வேலை செய்தார் என்பதைக் கேட்டு, அந்த மறுமொழியைக் கிளினிக் கொப்பியின் முதற் பக்கத்திலேயே எழுதும் வழக்கம் எங்கள் மாகாணத்தில் வரவேண்டும் என்பதே என் வேண்டுகோள். அது ஏன் என்பதை விளக்க எங்கள் வீட்டுக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் அக்காவின் கணவர், நான் அத்தான் என்று அழைப்பவர், இருபத்தைந்து ஆண்டுக்கு மேலாகக் கனடாவில் இருந்துவிட்டு, கடைசிக் காலத்தை ஊரில் கழிப்பதென்று ஒரு மார்கழியில் வந்து சேர்ந்தார். தை பிறந்து சில நாளில் இருமல் தொடங்கியது. மாரிக் குளிர் என்றார்கள். பிறகு நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்று இரண்டு முறை அன்ரிபயோட்டிக் கொடுத்தார்கள். மாசி முடிவதற்குள் இடுப்புப் பட்டிக்குப் புதுத் துளை போட வேண்டிய அளவுக்கு மெலிந்துவிட்டார். பின்னேரக் காய்ச்சலும், விடியப்புறம் தலையணை உறை நனையும் வியர்வையும் வந்தன. நெஞ்சு எக்ஸ்றே படம் எடுத்தபோது வலது சுவாசப்பையின் மேற்பகுதியில் ஒரு வெண்மை தெரிந்தது. மூன்று நாட் சளியிலும் காசநோய்க் கிருமி தெரியவில்லை. அந்தக் கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பேர்ட் பரிசோதனையும் இல்லை என்றது. ஆனாலும் வயது, மெலிவு, படம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துச் சித்திரையில் காசநோய்க்கான சிகிச்சையைத் தொடங்கினார்கள். எந்த இடத்தில், யார் என்று நான் எழுதப்போவதில்லை. அந்த முடிவை நான் குறை சொல்லவும் இல்லை. இந்த மண்ணில் இந்த அறிகுறிகளோடு வரும் ஒருவருக்கு முதலில் நினைக்க வேண்டிய நோய் அதுதான்.

என் குறை அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றியது. இரண்டு மாதம் கழிந்தும் நிறை கூடவில்லை, காய்ச்சல் விடவில்லை. சளியை வளர்த்துப் பார்த்த முடிவும் கிருமி இல்லை என்றே வந்தது. ஒவ்வொரு முறை போனபோதும் “குளிசையை ஒழுங்காகப் போடுகிறாரா?” என்றுதான் அக்காவிடம் கேட்டார்கள். அத்தான் ஒழுங்காகத்தான் போட்டார். ஒவ்வொரு நாளும் போட்டு முடித்ததும் நாட்காட்டியில் புள்ளி வைப்பதும் அவர்தான். ஆடி மாதம் தாடையோரத்தில் ஒரு புண் வந்தது. சவரக் கத்தி பட்ட காயமென்று நினைத்து அக்கா மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசினார். அது ஆறாமல் விளிம்பு தடித்து, பாலுண்ணி போல மேடாகி, நடுவில் கறுப்புப் புள்ளிகளோடு சிறுகச் சிறுகப் பரந்தது. நெஞ்சுக்கும் முகத்துக்கும் தொடர்பு இருக்கலாமென்று எங்களுக்கும் தோன்றவில்லை, வேறு எவருக்கும் தோன்றவில்லை.

புண்ணைக் காட்டப் போன வேறொரு கிளினிக்கில் இருந்த இளம் பெண் வைத்தியர்தான், புண்ணை நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, தன் கதிரையை அவருக்குக் கிட்ட இழுத்து, “ஐயா கனடாவில எவடத்தில இருந்தனீங்கள்?” என்று கேட்டார்.

“ரொறன்ரோவில இல்லைப் பிள்ளை. அங்கால, கெனோராப் பக்கம். குளத்தடி.”

“அங்க என்ன வேலை?”

“குடில்கள் பாக்கிறது. மரம் தறிக்கிறது, உக்கின பலகையளக் கழட்டுறது. வெளிக்கிடுறதுக்கு முதல் ஒரு பழைய கொட்டில் முழுக்கப் பிரிச்சனான்.”

எட்டு மாதத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். அத்தானின் கிளினிக் கொப்பியை நான் பிறகு பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தேன். ஓரிடத்தில் மட்டும் “கனடாவிலிருந்து வந்தவர்” என்று ஒரு வரி இருந்தது. ரொறன்ரோவிலிருந்து, ஒன்ராறியோ மாகாணத்தின் வடமேற்கிலுள்ள கெனோராவுக்குத் தரைவழியாக 1,800 கிலோமீற்றருக்கு மேல். பருத்தித்துறையிலிருந்து தேவேந்திரமுனை வரையுள்ள நீளத்தை நான்கு தடவைக்கு மேல் அடுக்கினால்தான் அந்தத் தூரம் வரும். கனடா என்று மட்டும் எழுதுவதால் ஒரு வைத்தியருக்கு எதுவும் தெரியப்போவதில்லை.

அந்தப் பிள்ளை புண்ணின் விளிம்பிலிருந்து இரண்டு துண்டு எடுத்தார். ஒன்றைப் போமலினிலும் மற்றதை உப்புக் கரைசலிலும் போட்டார். ஏன் இரண்டு என்று ஆசிரியப் புத்தியில் கேட்டேன். போமலினில் போட்டால் திசுவை வெட்டிச் சாயமூட்டிப் பார்க்கலாம், ஆனால் அதிலுள்ள உயிர் செத்துப்போகும், வளர்த்துப் பார்க்க முடியாது என்றார். அனுப்பும் படிவத்தில் தன் கையாலேயே “ஒன்ராறியோவின் வடமேற்கில் வாழ்ந்தவர், பங்கசு இருக்கலாம், வளர்ப்புத் தட்டைக் கவனமாகத் திறக்கவும்” என்ற பொருள்பட எழுதினார். திசுவில் கண்டது பிளாஸ்ரோமைசீஸ் என்ற பங்கசு. அதைப் பற்றிக் கேள்விப்பட்டதும் பழைய பழக்கத்தில் புத்தகங்களைத் தேடத் தொடங்கினேன். நுணுக்குக்காட்டியில் அது தடித்த சுவருள்ள உருண்டை மதுவமாகத் தெரியும். எட்டு முதல் பதினைந்து மைக்ரோமீற்றர் விட்டம், அதாவது எங்கள் செங்குருதிக் கலத்தைவிடப் பெரிது. தாய்க் கலமும் அரும்பும் குறுகிய கழுத்தால் அல்லாமல் அகன்ற அடியால் ஒட்டிக்கொண்டு, எட்டு என்ற இலக்கத்தைப் போல நிற்கும். வேறெந்தப் பங்கசோடும் எளிதில் குழப்ப முடியாத உருவம் அது. பார்த்தால் போதும், ஆனால் பார்க்கவேண்டுமென்று யாராவது நினைக்கவேண்டும்.

இந்தப் பங்கசைப் பற்றி நான் படித்தவற்றில் இந்த மடலுக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்தவையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 1894 இல் அமெரிக்காவின் பால்ரிமோர் நகரில் தோமஸ் காஸ்பர் கில்கிறிஸ்ற் என்ற தோல்நோய் வைத்தியர் இதை முதலில் விவரித்தபோது, புரட்டோசோவா என்ற ஒருகல உயிரி என்றுதான் நினைத்தார். பங்கசு என்று தெளிந்தது பின்னர்தான். ஈரமான மண்ணிலும், உக்கும் மரத்திலும் இலையிலும், ஆற்றங்கரைகளிலும் குளக்கரைகளிலும் அது நூல் நூலாக வளர்கிறது. அந்த இடத்தைக் கிண்டும்போது எழும் வித்திகள் மூச்சோடு உள்ளே போய், உடல் வெப்பத்தில் மதுவமாக உருமாறுகின்றன. மூன்று கிழமை முதல் மூன்று மாதம் வரை சென்றபின் அறிகுறி தோன்றும். பலருக்கு எதுவுமே தெரியாமற் போகிறது. சிலருக்குத் தானாக மாறும் நிமோனியாவாக வருகிறது. சிலருக்கோ மாதக்கணக்கில் இழுத்து, தோலுக்கும் எலும்புக்கும் பரவுகிறது. 1984 இல் விஸ்கொன்சின் மாநிலத்தில் ஈகிள் றிவர் என்ற ஊரருகே முகாமுக்குப் போன பாடசாலைப் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இது வந்தபோது, ஆய்வாளர்கள் தேடிப் போய், அணை கட்டி வாழும் பீவர் என்ற விலங்கின் குளக்கரை மண்ணிலிருந்து பங்கசைப் பிரித்தெடுத்தார்கள். அத்தான் இதைக் கேட்டுவிட்டு, “நான் இருந்த இடத்திலயும் அதுகள் கனக்க” என்று சிரித்தார்.

இது ஆளிலிருந்து ஆளுக்குத் தொற்றாது. இந்த ஒரு வரியை எங்கள் வீட்டுக்கு யாராவது முன்னமே சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். காசநோய் என்ற சொல் வந்த நாளிலிருந்து அத்தானுக்குத் தனிக் கோப்பை, தனிப் பாய். அவருடைய தகப்பன் காலத்து மூக்குப்பேணியைத் தேடி எடுத்து, அவருக்கென்று யன்னல் ஓரத்தில் வைத்தார்கள். பேரப்பிள்ளைகள் வீடியோ அழைப்பில்கூடத் தயங்கித் தயங்கிப் பேசினார்கள். பக்கத்து வளவில் பெண் பார்க்க வந்தவர்களுக்கு இந்தச் சேதி எட்டிவிடக்கூடாதென்று அக்கா இருமலை அடக்கச் சொன்ன நாட்களும் உண்டு. காசநோய் என்றாலும் இந்த ஒதுக்கல் தேவையில்லை, அதற்கும் சில கிழமை மருந்துக்குப் பிறகு தொற்றும் தன்மை பெரும்பாலும் நீங்கிவிடுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாது.

இனி, இந்த நோய்க்கு உரியதென்று சொல்லப்படும் இடங்களைப் பற்றி. பிளாஸ்ரோமைசீஸ் அமெரிக்காவின் ஒஹாயோ, மிசிசிப்பி ஆற்றுப் பள்ளத்தாக்குகளுக்கும், பேரேரிகளின் கரைகளுக்கும், சென் லோரன்ஸ் ஆற்றோரத்துக்கும் உரியது என்பது பழைய பாடம். இதைப் போலவே மூச்சோடு உள்ளே போகும் ஹிஸ்ரோபிளாஸ்மா என்ற பங்கசும் அதே ஆற்றுப் பள்ளத்தாக்குகளுக்கு. கொக்சிடியோய்டிஸ் என்ற இன்னொரு பங்கசு கலிபோர்னியா, அரிசோனாவின் வரண்ட நிலங்களுக்கு. அந்தப் பாடத்துக்கு ஆதாரமான ஹிஸ்ரோபிளாஸ்மா வரைபடம் 1960களின் இறுதியில், அமெரிக்கக் கடற்படையில் சேர வந்த இளைஞர்களின் தோலில் ஊசி போட்டுப் பார்த்துத் தயாரிக்கப்பட்டது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 2007 முதல் 2016 வரையான அந்நாட்டு முதியோர் மருத்துவக் காப்புறுதிப் பதிவுகளை எடுத்துக் கணக்கிட்ட ஆய்வு, 2022 இல் வேறொரு படத்தைக் காட்டியது. ஹிஸ்ரோபிளாஸ்மா தரும் ஹிஸ்ரோபிளாஸ்மோசிஸ் நோய் குறிப்பிடத்தக்க அளவில் காணப்பட்ட மாவட்டம் ஒன்றாவது இருந்த மாநிலங்கள் நூற்றுக்கு 94, பிளாஸ்ரோமைசீஸ் தரும் பிளாஸ்ரோமைக்கோசிஸுக்கு 78, கொக்சிடியோய்டிஸ் தரும் கொக்சிடியோய்டோமைக்கோசிஸுக்கு 69. வெர்மொன்ற் என்ற சிறிய மாநிலத்தை எவரும் பிளாஸ்ரோமைக்கோசிஸின் ஊராகக் கருதியதில்லை. அங்கே காப்புறுதிக் கணக்குகளைக் கிண்டியபோது 2011 முதல் 2020 வரை 114 நோயாளர்கள் இருந்தது தெரியவந்தது. வாஷிங்டன் மாநிலத்தில் 2010 இல், அந்த மாநிலத்தைவிட்டுப் போகாதவர்களுக்கே கொக்சிடியோய்டிஸ் வந்து, பிறகு அங்குள்ள மண்ணிலும் அது கண்டுபிடிக்கப்பட்டது. 2023 இல் மிச்சிகனின் எஸ்கனாபாவிலுள்ள கடதாசி ஆலையொன்றில் வேலைசெய்தவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு பிளாஸ்ரோமைக்கோசிஸ் வந்தது. கனடாவில், 2021 இன் இறுதியில் ஒன்ராறியோவின் வடக்கே கொன்ஸ்ரன்ஸ் லேக் என்ற பூர்வகுடிச் சமூகம் இதே நோய்க்காக அவசரநிலை அறிவித்தது. ஒன்ராறியோவில் 2018 முதல் இது அறிவிக்கப்பட வேண்டிய நோய்.

இவற்றையெல்லாம் அடுக்குவது யாழ்ப்பாணத்து மண்ணிலும் இது இருக்கிறது என்று பயமுறுத்த அல்ல. அப்படிச் சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் இல்லை, அத்தானுக்கு அது கெனோராவிலிருந்துதான் வந்தது. நான் சொல்வது வேறு. ஒரு நோயின் ஊர் என்று நாம் கீறும் கோடு, அந்தக் கிருமி வாழும் எல்லையைவிட, நாம் தேடிப் பார்த்த எல்லையைத்தான் பெரும்பாலும் காட்டுகிறது. கோடு சரியாகவே இருந்தாலும் மனிதர் கோட்டுக்குள் நிற்பதில்லை. எங்கள் மாகாணத்தில் எந்தக் குறிச்சியை எடுத்தாலும் கனடாவில் ஆளில்லாத வீடு அரிது. கோடை விடுமுறைக்குக் குளக்கரைக் குடில்களுக்குப் போகிறவர்கள், கெனோரா வழியாக மனிரோபாவுக்குப் பாரவூர்தி ஓட்டுகிறவர்கள், வீடு திருத்தும் வேலை செய்கிறவர்கள், ஓய்வுபெற்றுத் திரும்பி வருகிறவர்கள் என்று அந்த ஆற்றுப் பள்ளத்தாக்குகளின் தூசி எங்கள் தெருக்களுக்கு ஒவ்வொரு விமானத்திலும் வந்துகொண்டிருக்கிறது. நயாகராவையும் சென் லோரன்ஸையும் கண்டிராதவர்கள்கூட, இந்தியாவில் கங்கைச் சமவெளிப் பக்கம் யாத்திரை போய் வந்திருக்கலாம். மேற்கு வங்காளத்தில் ஹிஸ்ரோபிளாஸ்மோசிஸ் உண்டென்பது நெடுநாளாகத் தெரிந்த செய்தி.

ஹிஸ்ரோபிளாஸ்மாவின் வரலாறு இந்த விடயத்தில் இன்னும் நல்ல பாடம். 1905 இன் இறுதியில், பனாமாக் கால்வாய் வெட்டிக்கொண்டிருந்த காலத்தில், அங்குள்ள வைத்தியசாலையில் இறந்த தச்சுத் தொழிலாளி ஒருவரின் உடலைச் சோதித்த சாமுவேல் டார்லிங், காசநோய் போலத் தெரிந்த அந்தச் சுவாசப்பையில் காலா அசார் நோயின் ஒட்டுண்ணியை ஒத்த ஏதோ ஒன்றைக் கண்டார். அவரும் புரட்டோசோவா என்றே நினைத்தார். அடுத்து நாற்பது ஆண்டுகள் இது வெப்பவலய நாடுகளின் அரிய, கொல்லும் நோய் என்றே புத்தகங்களில் இருந்தது. 1945 இல்தான், அமெரிக்காவின் நடுப்பகுதியில் ஆயிரக்கணக்கான நலமான இளைஞர்களின் சுவாசப்பைப் படங்களில் தெரிந்த சுண்ணாம்புப் புள்ளிகள் காசநோயின் தழும்புகள் அல்ல, இந்தப் பங்கசின் தழும்புகள் என்று கிறிஸ்ரி, பீற்றர்சன், பாமர் முதலியோர் காட்டினார்கள். காசநோய்க்கான தோல் ஊசி அவர்களில் பலருக்கு எதையும் காட்டவில்லை என்பதே துப்பு. பிறகு மிசூரி மாநிலத்துச் சயரோக விடுதிகளில் தேடியபோது, ஆண்டுக்கணக்காகக் காசநோயாளரென்று படுத்திருந்தவர்களுக்குள்ளே குழி விழுந்த ஹிஸ்ரோபிளாஸ்மோசிஸ் உள்ளவர்களும் இருந்தார்கள். காசநோய் இல்லாமல் அந்த விடுதிகளுக்குள் போய், அங்கே காசநோயைப் பெற்றுக்கொண்டவர்களும் இருந்திருக்கக்கூடும் என்று நினைக்கும்போது எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

வெளிநாட்டுக் கதை வேண்டாமென்றால் எங்கள் தீவிலேயே ஒன்று இருக்கிறது, பங்கசு அல்ல, பற்றீரியா. மெலியோய்டோசிஸ் நோயை இலங்கையில் முதலில் அறிவித்தது 1927 இல். அதற்குப் பிறகு ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் அது இங்கு அபூர்வம் என்றே இருந்தது. 2000களின் பிற்பகுதியில் ஆய்வுகூடங்களைப் பழக்கி ஒழுங்காகத் தேடத் தொடங்கிய பிறகே, தீவின் பல மாவட்டங்களில், பெரும்பாலும் வயலில் இறங்கும் சர்க்கரை நோயாளரிடம், அது இருப்பது தெரியவந்தது. அதுவும் காசநோய் வேடம் போடும் நோய்தான். அந்தக் கண்டுபிடிப்பைச் செய்தவர்கள் உங்கள் துறைச் சகோதரர்களே. ஆகவே நான் கேட்பது உங்களுக்குப் புதிய பழக்கம் அல்ல.

இப்போது என் வேண்டுகோள்களுக்கு வருகிறேன். முதலாவதை ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன். கிளினிக் கொப்பியின் முதற் பக்கத்தில், வாழ்ந்த இடங்கள், செய்த வேலை என்று இரண்டு வரி. நாட்டின் பெயர் போதாது; நகரம், ஆறு, குளம், மண் வேலையா மர வேலையா என்பது வேண்டும். கடைசியாக எப்போது அங்கே இருந்தார் என்பதும் வேண்டும், ஆனால் பழைய காலம் என்பதால் தள்ளிவிடக்கூடாது. இந்தப் பங்கசுகளில் சில உடலுக்குள் ஆண்டுக்கணக்காக உறங்கி, நோயெதிர்ப்புக் குறையும்போது எழும்புகின்றன. ஸ்ரெரொயிட் குளிசை தொடங்கும் மூட்டுவாத நோயாளரிடமும், சிறுநீரகம் மாற்றியவரிடமும் இதே கேள்வியைக் கேட்பது நல்லது.

இரண்டாவது, சளியிலும் ஜீன்எக்ஸ்பேர்டிலும் கிருமி தெரியாமல், படத்தை வைத்து மட்டும் காசநோய் மருந்து தொடங்கியவர்களுக்கு இரண்டு மாத முடிவை ஒரு திரும்பிப் பார்க்கும் இடமாக ஆக்குங்கள். நிறை கூடவில்லை, காய்ச்சல் விடவில்லை, வளர்ப்பு முடிவும் இல்லை என்றால், நோயாளி குளிசையை விழுங்கவில்லை என்ற சந்தேகத்துக்கு முன்னால், நாம் நினைத்த நோய் தவறோ என்ற சந்தேகம் வரட்டும். சளியைப் பொட்டாசியம் ஐதரொட்சைட்டில் கரைத்து, பங்கசு தெரிகிறதா என்று நுணுக்குக்காட்டியில் பார்க்க அதிகம் செலவில்லை. தோலில் புண் இருந்தால் அது உங்களுக்கு வாய்த்த நல்வாய்ப்பு. சுவாசப்பைக்குள் குழாய் விடாமலே துண்டு கிடைக்கும். கொழும்பு பொரளையில் மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தின் பங்கசியற் பிரிவு இருக்கிறது. அங்கே மாதிரியை எந்தக் குப்பியில், எந்தக் கரைசலில், யார் கையில், எந்த நாளில் அனுப்புவதென்பது எங்கள் மாகாணத்தின் ஒவ்வொரு ஆதார வைத்தியசாலையிலும் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். அத்தானுக்கு வாய்த்ததுபோல ஒரு பிள்ளைக்கு அது நினைவிருப்பதில் ஒரு நோயாளரின் உயிர் தங்கியிருக்கக் கூடாது.

படிவத்தில் சந்தேகத்தை எழுதுங்கள் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். இந்தப் பங்கசுகள் ஆளிலிருந்து ஆளுக்குத் தொற்றாதவை, ஆனால் ஆய்வுகூடத் தட்டில் நூலாக வளர்ந்து வித்தி விட்டபிறகு, மூடியைத் திறக்கும் பரிசோதகரின் சுவாசப்பைக்குள் போகக்கூடியவை. கொக்சிடியோய்டிஸ் இதில் மிகக் கெட்ட பெயர் எடுத்தது. வளர்ப்புக்கு நான்கு கிழமை வரையும் அதற்கு மேலும் எடுக்கலாம் என்பதும் ஆய்வுகூடத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் பற்றீரியாவுக்குரிய சில நாளில் தட்டைத் தூக்கி எறிந்துவிடுவார்கள்.

மருந்து விடயத்தில் ஒன்றை மாத்திரம் சொல்ல அனுமதியுங்கள், ஏனென்றால் இதில்தான் நாங்கள் மேலும் சில கிழமைகளை இழந்தோம். அத்தானுக்கு இற்றாக்கொனசோல் என்ற பங்கசு மருந்தைத் தொடங்கியபோது, முன்னெச்சரிக்கையாகக் காசநோய் மருந்தையும் தொடரட்டும் என்று ஒருவர் சொன்னார். காசநோய் மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் ஈரலின் நொதியங்களை முடுக்கிவிட்டு இற்றாக்கொனசோலை இரத்தத்தில் நிற்கவிடாமல் அழித்துவிடுகிறது. நிறுத்திய பிறகும் அந்த வேகம் அடங்க இரண்டு கிழமையளவு செல்கிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது ஒரு கையால் கிணற்றில் தண்ணீர் அள்ளி, மறு கையால் ஓட்டை வாளியில் ஊற்றுவது. போதாக்குறைக்கு, அத்தான் ஆண்டுக்கணக்காகப் போட்டுவந்த, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் காஸ்ரிக் குளிசையும் இற்றாக்கொனசோல் கப்சியூலின் உறிஞ்சலைக் குறைத்துவிடுகிறது. அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் ஒரு தனியார் மருந்தகத்தின் மருந்தாளர். இப்போது சாப்பாட்டோடு எடுக்கிறார். ஆறு முதல் பன்னிரண்டு மாதம் எடுக்கவேண்டிய மருந்து அது. முதல் மாதத்திலேயே காய்ச்சல் விட்டு, புண்ணின் விளிம்பு தாழ்ந்தது. கடைசியாக நிறை பார்த்தபோது ஏழு கிலோ ஏறியிருந்தார். மருந்து விலை உயர்ந்தது, மாகாணக் களஞ்சியத்தில் எப்போதும் இருப்பதில்லை. அரச மருந்தகம் ஊடாக இடையறாமல் கிடைக்க நிர்வாகத்தினர் வழிசெய்ய வேண்டும். இடையில் மருந்து நின்றால் நோய் திரும்பிவிடலாம்.

கனடா போகாதவர்களுக்கும் இந்த மடலில் ஒரு பங்கு இருக்கிறது. எண்ணிக்கையில் பார்த்தால் அதுவே பெரிய பங்காகவும் இருக்கலாம். காசநோய் மாறியவர்களின் சுவாசப்பையில் எஞ்சும் குழியில், உலகெங்கும் காற்றில் மிதக்கும் அஸ்பர்ஜிலஸ் என்ற பங்கசு குடியேறுகிறது. இதற்கு ஊர் எல்லையே இல்லை. 1960களின் பிற்பகுதியில் பிரித்தானியாவில் இப்படிக் குழி எஞ்சிய 544 பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள். சில ஆண்டுகளில் மூவரில் ஒருவர் அளவுக்கு இரத்தத்தில் அந்தப் பங்கசுக்கெதிரான பிறபொருளெதிரி இருந்தது. ஆறில் ஒருவர் அளவுக்குக் குழிக்குள் பங்கசு உருண்டையே தெரிந்தது. அவர்கள் இருமி இரத்தம் துப்பும்போது, “காசநோய் திரும்பிவிட்டது” என்று மீண்டும் அதே குளிசைகளைத் தொடங்குவது எங்கும் நடக்கும் பிழை. போர்க்காலத்தில், மருந்துத் தட்டுப்பாட்டிலும் இடம்பெயர்விலும் அரைகுறையாகச் சிகிச்சை பெற்று, குழியோடு தப்பியவர்கள் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் எத்தனை பேர் என்பதை உங்கள் பழைய பதிவேடுகளே சொல்லும். அவர்களை ஒருமுறை திரும்ப அழைத்துப் பாருங்கள்.

வௌவால்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1990 இல் இடம்பெயர்ந்து, இருபது, இருபத்தைந்து ஆண்டு கழித்து வலிகாமம் வடக்குக்குத் திரும்பியவர்கள், கூரையில்லாத வீடுகளுக்குள் முழங்கால் அளவுக்கு வௌவால் எச்சத்தை வெறுங்கையால் அள்ளிக் கொட்டியதை நான் கண்ணால் பார்த்தவன். நானும் ஒரு நாள் அள்ளியவன். வேறு நாடுகளில் ஹிஸ்ரோபிளாஸ்மா விரும்பி வளர்வது அந்த எச்சத்திலும் பறவை எச்சத்திலும்தான். எங்கள் தோட்டங்களுக்கு இறக்கும் கோழி எருவும் அந்த வகைதான். பொதுச் சுகாதார பரிசோதகர்கள், அப்படிப்பட்ட இடத்தைத் துப்புரவாக்க முன் தண்ணீர் தெளித்து நனைத்து, முகக்கவசம் போட்டு அள்ளும்படி சொல்வதற்கு ஆய்வு முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

நோயாளருக்கும் வீட்டாருக்கும் தமிழில் ஒரு துண்டுப்பிரசுரம் வேண்டும். 1847 இல் வந்து மானிப்பாயில் இருந்து மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீனின் ஊர் இது. நுரையீரற் பங்கசு நோய் தொற்றாது, தட்டும் பாயும் பிரிக்கத் தேவையில்லை, மருந்து நெடுநாளைக்கு, காஸ்ரிக் குளிசை எடுப்பவர் சொல்லவேண்டும் என்ற நான்கு விடயத்தை நல்ல தமிழில் எழுத எங்களிடம் ஆள் உண்டு. பள்ளிக்கூடத் தமிழ் போதுமென்றால் நானே எழுதித் தருவேன், நீங்கள் திருத்துங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2022 இல் முதன்முறையாக 19 பங்கசுகளை முன்னுரிமைப் பட்டியலிட்டபோது, அஸ்பர்ஜிலஸும் ஹிஸ்ரோபிளாஸ்மாவும் கொக்சிடியோய்டிஸும் அதில் இடம்பெற்றன. பிளாஸ்ரோமைசீஸ் இடம்பெறவில்லை. பட்டியலில் இல்லாத ஒன்றுதான் எங்கள் வீட்டு விறாந்தைக்கு வந்தது.

அத்தானின் கிளினிக் கொப்பியையும், தை மாதத்திலிருந்து எடுத்த படங்கள் அத்தனையையும், புண்ணை நான் கைத்தொலைபேசியில் கிழமைக்கொரு முறை எடுத்த படங்களையும் ஒழுங்காக அடுக்கி வைத்திருக்கிறேன். பயிற்சி வைத்தியர்களுக்கும் ஆய்வுகூடத்தினருக்கும் காட்ட விரும்பினால் கொண்டுவந்து தர ஆயத்தமாக இருக்கிறேன். அவரும் சம்மதம் தெரிவித்துள்ளார். அவரிடமே கேட்க விரும்புபவர்கள் வீட்டுக்கு வரலாம். பின்னேரங்களில் வீட்டில்தான் இருப்பார், விறாந்தையில், இப்போது எல்லாரும் குடிக்கும் கோப்பையிலேயே தேநீர் குடித்துக்கொண்டு.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவர்,
கோண்டாவில், யாழ்ப்பாணம்.